தணிகாசலம் குடும்பத்தோடு பாருக்குப் போனார்

எந்த நாற்காலியிலும் தணிகாசலம் உடனே உட்கார்ந்துவிட மாட்டார். முதலில் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடிப்பாகத்தில் சிவப்புப் பெயின்ட்டில் ‘த’ என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பார். இல்லையென்றால்தான் நிமிர்த்திப் போட்டு உட்காருவார். இருந்தால் தூக்கிக்கொண்டு போய்விடுவார். டாக்டர் வீட்டு முன்னறையிலும் இதே கதை, சம்பந்தி வீட்டிலும் இதே கதை. லாஸ்பேட்டையில் ஒரு சாவு வீட்டுக்கு மாலையோடு போனவர், துக்கம் கேட்க வந்த பெரியவர் ஒருவரை “கொஞ்சம் எழுந்திரிங்க” என்று எழுப்பிவிட்டு அவர் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தார். தணிகாசலத்தின் நாற்காலிதான். முந்தின வருஷம் ஒரு காதணி விழாவில் காணாமல் போனது. “செத்தவரு தங்கமானவரு. நாற்காலி விசயத்துல மட்டும் கொஞ்சம் மறதி” என்று சொல்லிச் சிரிப்பார். அன்றைக்குப் பெருந்தன்மையாக விட்டுவிட்டு வந்ததையும் சொல்லாமல் விட மாட்டார். “காரியம் முடிஞ்ச மறுநாளே போயி எடுத்தாந்துட்டேன்” என்பது அந்தப் பெருந்தன்மையின் கடைசிப் பகுதி.

பாண்டிச்சேரி முதலியார்பேட்டையில் பந்தல், பாத்திரம், நாற்காலி, சீரியல் லைட் எல்லாம் வாடகைக்கு விடுகிற கடை அவருடையது. ஊரில் கல்யாணமானவர்களில் பாதிப் பேர் தன் நாற்காலியில் உட்கார்ந்துதான் தாலி கட்டினார்கள் என்பார். அதில் யாராவது சண்டை போட்டுப் பிரிந்துவிட்டால், அந்த ஜோடி மட்டும் வேறு கடையில் எடுத்தது என்பார். சவுக்குக் கழி சுமக்கிற கூலியாக ஆரம்பித்தவர். சொந்தமாக முதலில் வாங்கியது ஓர் அண்டா, அதுவும் ஓட்டை அண்டா. ஈயம் பூசி அடைத்து வாடகைக்கு விட்டார். “அந்த அண்டாவுல ஏறித்தான்யா நான் வந்தேன். ஓட்டைக் கப்பலு, கரை சேந்துடுச்சு.” இன்றைக்கு மாடி வீடு, சரக்கு ஏற்ற இரண்டு டாட்டா ஏஸ். படிப்பு மட்டும் அந்த அண்டாவில் ஏறவில்லை. “மூணாங்கிளாசு வரைக்கும் போனேன். வாத்தியாருக்கு என்னப் பிரிய மனசில்ல, அதே கிளாசுல ரெண்டு வருசம் வெச்சிருந்தாரு.” எழுத்துகளில் ‘த’ ஒன்றுதான் அவருக்கு அழகாக வரும். அது தெரிந்துதான் அப்பா அந்தப் பெயரை வைத்திருக்கிறார்.

அவரிடம் ஒரு தொழில் ரகசியம் உண்டு. கேட்காதவர்களிடமும் சொல்வார். “பொருளு வெச்சிருக்கவன் எதுருல அந்தப் பொருளப் பத்தி நல்லதா ஒரு வார்த்த சொல்லக் கூடாது. வாயத் தொறந்தா வெல ஏறிடும்.” ஏலத்துக்கு வந்த பித்தளைத் தவலையை விரலால் சுண்டுவார், காதை வைத்துக் கேட்பார், முகத்தைச் சுளித்து “உள்ள வியாதி இருக்கு” என்பார். வாங்கித் தெருமுனை திரும்பியதும் அதே தவலையைப் பற்றி ரிக்‌ஷாக்காரரிடம் கோயில் கலசத்தைப் பற்றிப் பேசுவது போலப் பேசிக்கொண்டு வருவார்.

இந்த வியாபார புத்தி தவலையோடு நின்றிருந்தால் நல்லது. நிற்கவில்லை. பந்தல் கட்டுகிற ஆளிடம் “கோணலா இருக்கே, குடிச்சிட்டுக் கட்டினியா?” என்பார். அரியாங்குப்பத்துக்கு அப்பால் போய் “எங்கிட்ட ஒருத்தன் இருக்கான், அவன் கட்டின பந்தலப் பாத்தா மழையே வெளிய நின்னு வேடிக்க பாக்கும்” என்பார். மகள் பூர்ணிமா பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தபோது அவளிடம் கேட்டது, “கணக்குல அந்த மூணு மார்க்கு எங்க போச்சு?” அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஒரு கடலூர்க்காரரை நிறுத்தி லட்டு கொடுத்தார். மகளுக்கு இது கல்யாணமாகிப் போன பிறகுதான் தெரிந்தது. இன்னும் சிலருக்குத் தெரியவே தெரியாது.

தெரியாதவர்களில் முதல் ஆள், மனைவி அஞ்சலாட்சி.

சனிக்கிழமை மத்தியானம் சந்திரா பாரில் பீர் குடிப்பது தணிகாசலத்துக்குப் பல வருஷப் பழக்கம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சிமென்ட் பெஞ்சு, தரையில் கடலைத் தோல் மெத்தை. பெஞ்சுகளைக் கவிழ்த்துப் பார்க்க முடியாதது மட்டுமே அவருக்கு அங்கே குறை. சமையல்கட்டுக்கும் குடிக்கிற இடத்துக்கும் நடுவே சுவரில் ஒரு சதுர ஓட்டை. அதன் வழியாகத் தட்டு வரும், தட்டோடு வளையல் போட்ட ஒரு கை வரும். முகம் வராது. அந்தக் கைக்குப் பெயர் ஆயம்மா. பின்சந்து வழியாக வருவாள், சமைப்பாள், பின்சந்து வழியாகவே போவாள். அவள் வைக்கிற சங்கரா மீன் குழம்புக்காகவே மில் ஆட்கள் ஷிப்டு முடிந்து நேராக அங்கே வருவார்கள்.

அடுப்புப் புகையில் உள்ளே ஒன்றும் தெரியாத அந்த ஓட்டைக்குள் தலையை விட்டுத் தணிகாசலம் வாராவாரம் ஒரே பாட்டைப் பாடுவார். “ஆயம்மா, கொழம்பு சுமாரு. எங்க ஊட்டுல வெக்கிறா பாரு, அந்தக் கொழம்ப நீ ஒரு தடவ மோந்து பாத்தா கரண்டியக் கீழப் போட்டுருவ.”

உள்ளேயிருந்து குரல் வரும்: “அப்ப அங்கயே போயித் துன்னு.”

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அஞ்சலாட்சி மீன் குழம்பு வைப்பாள். அவள் அரியாங்குப்பத்துக்காரி. ஆற்று மீனும் கடல் மீனும் பார்த்து வளர்ந்த கை. முதல் கவளத்திலேயே அவர் ஆரம்பித்துவிடுவார். “இதுக்குப் பேரு கொழம்பா? சந்திரா பாருல ஒருத்தி வெக்கிறா. அவகிட்ட நீ ஆறு மாசம் சட்டி கழுவணும்.” அஞ்சலாட்சி சட்டியைத் தன் பக்கம் இழுப்பாள். அவர் திரும்ப இழுத்து, மிச்சக் குழம்பில் சோற்றைப் போட்டுச் சட்டி பளபளக்கத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு, “பசிக்குத் துன்னேன்” என்பார்.

இப்படியாக இரண்டு பெண்களை இரண்டு இடத்தில் திட்டி, இரண்டு இடத்திலும் ருசியான சாப்பாட்டை வாங்கிக்கொண்டிருந்தார். இருவரும் அவரிடம் தோற்கக் கூடாது என்று வாரத்துக்கு வாரம் கைப்பக்குவத்தைக் கூட்டிச் சமைத்தார்கள். இதைவிடப் பெரிய வியாபாரம் முதலியார்பேட்டையில் யாரும் செய்ததில்லை என்பது அவர் எண்ணம். பயப்படவும் ஒன்றுமில்லை. சந்திரா பாரின் வாசலைத் தாண்டி எந்த வீட்டுப் பெண்ணும் உள்ளே வந்தது கிடையாது.

ஊர்ப் பெயரைப் பாண்டிச்சேரியிலிருந்து புதுச்சேரி என்று சர்க்காரே மாற்றின வருஷம், பார் முதலாளி அரிகிருஷ்ணனுக்கும் ஏதாவது மாற்ற வேண்டும் போல ஆகிவிட்டது. சில மாதங்கள் கடையை மூடி, கூரையைப் பிரித்து, பெஞ்சுகளை உடைத்து, ஏ.சி. போட்டு, மீன் தொட்டி வைத்து, வாசலில் நீல விளக்கில் ‘ல லூன்’ என்று எழுதிவிட்டார். பிரெஞ்சில் நிலா என்று அர்த்தமாம். சந்திரா என்பது அரிகிருஷ்ணனின் அம்மா பெயர். “அம்மாவ எடுக்கல, பிரெஞ்சுக்கு மாத்திட்டேன்” என்று வந்தவர்களிடமெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தார்.

அதோடு விட்டிருக்கலாம். பேப்பரோடு வீட்டுக்கு வீடு ஒரு நோட்டீஸும் போட்டார். அஞ்சலாட்சி வாசலில் நின்று அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். குடும்பத்துடன் வந்து உணவருந்தத் தனி ஏ.சி. ஹால் உண்டு என்று போட்டிருந்தது. படித்துவிட்டு உள்ளே வந்து, நாலாக மடித்து, கணவனின் காபி டம்ளருக்குக் கீழே வைத்தாள்.

“வர்ற சனிக்கெழம நானும் வர்றேன்.”

“எங்க?”

“நீ போற எடத்துக்குத்தான். எத்தினி வருசமாச் சொன்ன, அவ கொழம்பு, அவ கொழம்புன்னு? ஒரு வாய் நானும் துன்னு பாக்குறேன். நல்லாருந்தா நீ சொன்ன மாதிரி அவகிட்டயே சட்டி கழுவப் போயிடுறேன்.”

தணிகாசலத்துக்குக் காபி ஆறிப்போனது. ஏ.சி.யில் உனக்குச் சளி பிடிக்கும் என்றார். அங்கே வருகிறவன் எல்லாம் ஒழுங்கில்லை என்றார். வாரா வாரம் போகிற நீ ஒழுங்குதானே என்று கேட்டாள். மூட்டு வலி இருக்கிறதே, படி ஏற வேண்டுமே என்றார். நோட்டீஸில் கீழ்த்தளம் என்று போட்டிருப்பதைக் காட்டினாள். கூட்டத்தில் யார் காதிலும் விழும்படி பேசிப் பழகியது அவர் குரல். அன்றைக்கு அவர் காதுக்கே கேட்கவில்லை. பயம் குழம்பைப் பற்றியல்ல. ஆயம்மா வாயைத் திறந்தால் தன் வாழ்நாள் வியாபாரம் ஒரு நிமிஷத்தில் படுத்துவிடும். மனைவியை ஊரெல்லாம் புகழ்ந்து திரிகிறவன் என்று அந்த மனைவிக்கே தெரிந்துவிட்டால், அதற்கப்புறம் வீட்டில் எந்த முகத்தோடு குழம்பைக் குறை சொல்வது? விலை ஏறிவிடாதா?

பெர்னாரிடம் ஓடினார். பெர்னார் பாரில் அவருக்கு எதிரே உட்காருகிறவர், பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன்காரர். பட்டாளத்தில் என்ன வேலை என்று கேட்டால் கண்ணைச் சுருக்கி அமைதியாகிவிடுவார். ஏதோ உளவுப் பிரிவு என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. உருளைக்கிழங்கு உரித்தார் என்பது தணிகாசலத்துக்கு மட்டும் தெரியும். இருந்தும் அவரிடமே உளவு கேட்டார்.

“நேத்தே போயி பாத்துட்டேன், மோன் அமி” என்றார் பெர்னார், நண்பனைப் பிரெஞ்சில் கூப்பிட்டு. “குசினி பூரா கண்ணாடி. உள்ள எல்லாம் புது ஆளு, வெள்ளத் தொப்பி. உன் ஆயம்மா இல்ல.”

தணிகாசலத்துக்கு உயிர் வந்தது. ஆயம்மாவுக்கு வேலை போனதில் சந்தோஷப்பட்டதற்காக ஒரு நிமிஷம் வெட்கப்பட்டார். அந்த நிமிஷம் முடிந்ததும் வீட்டுக்குப் போய், இவ்வளவு நாள் தானே அழைத்துப் போவதாக இருந்தது போல, “சனிக்கெழம பட்டுப் பொடவ கட்டிக்க. சாதாரண எடமில்ல அது” என்று உத்தரவு போட்டார்.

சனிக்கிழமை ஆட்டோவில் போய் இறங்கினார்கள். வாசலில் கண்ணாடிக் கதவு. தணிகாசலம் தோளைக் கொடுத்துத் தள்ளினார். வரவில்லை. பந்தக்கால் ஊன்றுகிற பலத்தோடு மறுபடியும் தள்ளினார். அஞ்சலாட்சி பக்கத்தில் வந்து கைப்பிடியைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். திறந்துகொண்டது. “வாராவாரம் வர்ற எடம்னு சொன்ன” என்றாள். அப்போது இந்தக் கதவு கிடையாது என்று அவர் சொன்னதை அவள் நின்று கேட்கவில்லை.

கொளஞ்சி ஓடி வந்தான். சந்திரா பாரில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பாட்டில் திறந்தவன், இப்போது கறுப்புப் பேன்ட், கழுத்தில் வில் மாதிரி ஒரு பட்டை. “இன்னாடா கொளஞ்சி, கழுத்துல பட்டாம்பூச்சி உக்காந்திருக்கு?” என்று தணிகாசலம் கேட்டார். அது எல்லாருக்கும் கட்டாயம் என்றும், சாயங்காலம் கழற்றும்போது கழுத்துக்கு விடுதலை கிடைத்த மாதிரி இருக்கிறதென்றும் கொளஞ்சி முனகினான். மற்றவர்கள் எதிரில் வந்ததும் அஞ்சலாட்சி மாறிவிட்டாள். ‘நீ’ போய் ‘அவுரு’ வந்தது. “அவுருக்கு எது புடிக்குமோ அதையே எனக்கும் குடுங்க தம்பி” என்று அவள் அடக்கமாகச் சொன்னபோது, தணிகாசலத்துக்குப் பீர் குடிக்காமலேயே பெருமை நுரைத்தது.

குடும்ப ஹால் வலது பக்கம் மரத் தடுப்புக்குப் பின்னால் இருந்தது. வெல்வெட் மெத்தை வைத்த நாற்காலிகள். வழக்கம்போல ஒன்றைக் கவிழ்க்கப் போனார். தூக்க முடியவில்லை. இரண்டு கையாலும் சாய்த்து, குனிந்து, அடியில் பார்த்தார். “உன்னுதா?” என்றாள் அஞ்சலாட்சி, குரலைத் தாழ்த்தி. அவர் மரியாதையாக உட்கார்ந்தார். மேலே பொய்க் கூரை, அதில் குழி குழியாக விளக்கு. எத்தனை வாட் இருக்கும், கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டால் யார் எடுப்பார்கள் என்று பார்த்துக்கொண்டே, மனைவியிடம் தன் தொழில் கண்ணைக் காட்ட ஆரம்பித்தார். இந்தத் தரைக்கு என்னைக் கேட்டிருந்தால் வேறு கல் சொல்லியிருப்பேன் என்றார். இந்த மீன் தொட்டி வாசல் பக்கம் இருந்திருக்க வேண்டும் என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளைத் தொப்பிக்காரர்கள் வாணலியைத் தூக்கிப் போட்டு நெருப்பு காட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் புது முகம். தணிகாசலம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

பீர் வந்தது. பழைய பாரில் எவர்சில்வர் டம்ளர். இங்கே கைப்பிடி வைத்த கனத்த கண்ணாடிக் குவளை, வெளியே வியர்த்திருந்தது. அஞ்சலாட்சிக்கு எலுமிச்சை சோடா. முதல் வாய் இறங்கியதும் தணிகாசலம் கண்ணை மூடினார். இவ்வளவு குளிர்ந்த பீரைச் சந்திரா பாரில் அவர் குடித்ததே இல்லை. அங்கே ஐஸ் பெட்டி என்று இருந்ததில் மீனையும் பீரையும் சேர்த்துத்தான் வைப்பார்கள். அந்த வாசனை இல்லாமல் பீர் குடிப்பது வேறு யாரோ குடிப்பது போல இருந்தது. ஆனாலும் நன்றாக இருந்தது. “சுமாரு” என்றார்.

ஆபத்தில்லாத ஐட்டங்களாகப் பார்த்துச் சொன்னார். கோபி மஞ்சூரியன், ஃபிரைடு ரைஸ், ஏதோ சிவப்பாகப் படத்தில் இருந்த கோழி. மெனு கார்டைத் தலைகீழாகப் பிடித்திருந்ததைக் கொளஞ்சி கண்டும் காணாமல் எழுதிக்கொண்டான். அஞ்சலாட்சி பொறுமையாக இருந்தாள். அவர் முடித்ததும் கேட்டாள்.

“தம்பி, இங்க மீன் கொழம்பு வெக்கிறவங்க ஒருத்தங்க இருந்தாங்களாமே?”

“அவங்க இல்ல. போயிட்டாங்க. எல்லாம் புது ஆளு, தொப்பியப் பாத்தியில்ல” என்று தணிகாசலம் அவசரமாகச் சொன்னார்.

கொளஞ்சிக்கு முகம் மலர்ந்தது. ஐயா வருத்தப்படுகிறார் என்று அவன் நினைத்துவிட்டான். “ஐயோ, யாரு சொன்னது? ஆயம்மா இல்லன்னா பழைய ஆளுங்க யாரு வருவாங்க? இது பார்வைக்கு வெச்ச குசினி. பின்னால பழைய அடுப்படிய அப்பிடியே வெச்சிருக்காரு மொதலாளி. ஐயா வந்திருக்காருன்னு சொல்றேன், அதுவே ஓடியாரும்.” தணிகாசலம் கையைத் தூக்கினார், காலை நீட்டினார், செருமினார். எதுவும் கொளஞ்சியை நிறுத்தவில்லை. போகிற போக்கில் அவன் திரும்பி, “அம்மாவும் வந்திருக்காங்கன்னு சொல்றேன்” என்று வேறு சேர்த்துவிட்டுப் போனான்.

உருளைக்கிழங்கு உரித்தவனிடம் உளவு கேட்டால் இப்படித்தான் வரும் என்று தணிகாசலம் தன்னையே வைதுகொண்டார்.

முதலில் குழம்பின் வாசனை வந்தது. தாளித்த வடகமும் புளியும் சேர்ந்து, ஏ.சி. ஹாலையே ஒரு நொடியில் பழைய சந்திரா பாராக்கியது. பக்கத்து மேசையில் கட்லெட் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு குடும்பம் தலையைத் திருப்பியது. பிறகு அந்தக் கை வந்தது, அதே வளையல். அதற்குப் பின்னால், இத்தனை வருஷத்தில் முதல் முறையாக, முழு ஆயம்மா வந்தாள். அவர் நினைத்ததைவிடக் குள்ளம், நினைத்ததைவிடக் கோபம். மண் சட்டியையும் சோற்றையும் மேசையில் வைத்தாள். தணிகாசலத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“நீங்கதானா அது?”

அஞ்சலாட்சி பட்டுப்புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “எது?” என்றாள்.

“எத்தினி வருசம்மா, சனிக்கெழம ஆனா இந்த மனுசன் ஓட்டையில தலய உட்டு, எங்க ஊட்டுக்காரி கொழம்பு, எங்க ஊட்டுக்காரி கொழம்புன்னு உசுர வாங்குறாரு. அத மோந்து பாத்தா நான் கரண்டியக் கீழப் போட்டுருவனாம். வடகத்த மாத்திப் பாத்தேன், மாங்கா போட்டுப் பாத்தேன், சட்டியக்கூட மாத்தினேன். என்ன வெச்சாலும் சுமாரு. இன்னிக்கு நீங்களே துன்னு சொல்லுங்க. இதுல இன்னா கொற?”

தணிகாசலம் பீர்க் குவளையை எடுத்து வாயில் வைத்தார். காலி. காலிக் குவளையை நீண்ட நேரம் குடித்தார்.

அஞ்சலாட்சி தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். சோற்றில் குழம்பை ஊற்றி, பிசைந்து, ஒரு கவளம் வாயில் போட்டாள். அடுத்த கவளத்துக்கு மீனைக் கிள்ளி எடுத்தாள். மென்று முடித்துவிட்டு, கணவனைப் பார்க்காமல், ஆயம்மாவையே பார்த்துச் சொன்னாள்.

“எங்கிட்டயும் அதையேதான் சொன்னாரு. உன் கொழம்பச் சொல்லி.”

ஆயம்மாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் இடுப்பில் கை வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆயம்மாவிடம் சட்டி கழுவத் தன்னை அனுப்பப் பார்த்தார் என்பதை அஞ்சலாட்சி விவரமாகவே சொன்னாள். சொல்லச் சொல்ல ஆயம்மா, எந்த வாரம் தான் மாங்காய் போட்டாள், மறுநாள் அங்கே என்ன நடந்தது என்று கேட்டுக் கேட்டுச் சேர்த்துப் பார்த்தாள். இரண்டு பக்கத்துக் கணக்கும் ஒத்துப்போனது. நடுவில் உட்கார்ந்திருந்தவர், ஏலத்தில் யாரும் கேட்காத பழைய தவலை போலிருந்தார். யாராவது சுண்டிப் பார்த்தால்கூடச் சத்தம் வந்திருக்காது.

“சரி” என்றாள் ஆயம்மா. “இப்ப ரெண்டு பேரும் எதுருலயே இருக்கோம். சொல்லு. யாரு கொழம்பு நல்லாருக்கும்?”

அஞ்சலாட்சியும் இப்போது அவரைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை. இருந்திருந்தால் சமாளித்திருப்பார். அவள் ஏதோ கேட்பதற்காகக் காத்திருந்தாள். கல்யாணமான புதிதில், முதல் குழம்பை வைத்துவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றபோது இருந்த அதே பார்வை. அன்றைக்கு அவர் சொன்னது “உப்பு” என்ற ஒரு வார்த்தை.

மந்திரி வந்த மேடைக்குப் பந்தல் போட்டவர், ஏலத்தில் பத்துப் பேரை வாயாலேயே விரட்டியவர், இப்போது வாயைத் திறந்தார். வார்த்தை தொண்டை வரை வந்தது. அது இதுவரை ஆள் இல்லாத இடத்தில் மட்டுமே வெளியே போய்ப் பழகிய வார்த்தை. எதிரில் ஆள் நிற்பதைப் பார்த்ததும் அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டது. அதற்குப் பதிலாக வெளியே வந்தது வேறு.

“ஏ.சி. நல்லாருக்கு” என்றார் தணிகாசலம்.

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது ஆயம்மா. அஞ்சலாட்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், ஆனால் தோள் குலுங்கியது. பட்டுப்புடவைக்கு ஏற்ற அடக்கமான சிரிப்பு இல்லை அது. கட்லெட் குடும்பம் மறுபடியும் திரும்பிப் பார்த்தது.

“புளிய எப்ப ஊத்துற நீ?” என்று அஞ்சலாட்சி கேட்டாள்.

“மொளகா வாசன போனதும்.”

“நான் அதுக்கும் முன்னாலயே ஊத்திடுவேன்.”

“முன்னாலயா? அதான் அந்த மனுசன் சட்டியத் தொடைக்கிறாரா?” என்று ஆயம்மா கேட்டாள். வா, அடுப்பண்டையே வந்து காட்டு என்று கையைப் பிடித்தாள். அஞ்சலாட்சி எழுந்துவிட்டாள். கணவனிடம் சொல்லிக்கொள்ளவில்லை, கைப்பையைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. மூட்டு வலிக்காரி பின்பக்கக் கதவு வழியாக, சந்துப் பக்கம் இருந்த பழைய அடுப்படிக்கு விடுவிடுவென்று போய்விட்டாள்.

கோபி மஞ்சூரியன் வந்தது. ஃபிரைடு ரைஸ் வந்தது. படத்தில் இருந்ததைவிடச் சிவப்பாகக் கோழி வந்தது. தணிகாசலம் ஒன்றையும் தொடவில்லை. மண் சட்டியைத் தன் பக்கம் இழுத்து, மிச்சக் குழம்பில் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். உள்ளே யாரோ பெரிதாகச் சிரிப்பது கேட்டது. தன்னைப் பற்றித்தான் என்று அவருக்குத் தெரியும். வேறு யாரைப் பற்றி அவ்வளவு சிரிக்க இந்த ஊரில் ஆள் இருக்கிறது என்று கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

கொளஞ்சி கேட்காமலே இரண்டாவது பீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் தயங்கி நின்றான். கழுத்துப் பட்டையை இப்படியும் அப்படியும் இழுத்தான். பிறகு சுவரில் தொங்கிய பலகையைக் காட்டாமல் காட்டினான்.

“ஐயா, தப்பா நெனைக்காதீங்க. இது ஃபேமிலி ஹாலு. ஆம்பளைங்க ஒண்டியா உக்காரக் கூடாதாம். புது மேனேஜரு அங்கேருந்து பாக்குறாரு.”

தணிகாசலம் மேனேஜரைப் பார்த்தார். கோட்டுப் போட்ட சின்னப் பையன். எழுந்து போய், தான் யார், இந்த ஊரில் யார் யார் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர், எந்த அண்டாவில் ஏறி வந்தவர் என்று சொல்லியிருப்பார் வேறொரு நாளாக இருந்தால். இன்றைக்குச் சொல்லவில்லை. எதிர் நாற்காலியில் இருந்த அஞ்சலாட்சியின் கைப்பையை எடுத்தார். மேனேஜருக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி மேசைமேல் தனக்கு எதிரே நிமிர்த்தி வைத்தார். அது சாயாதபடி ஃபிரைடு ரைஸ் தட்டை முட்டுக் கொடுத்தார். பிறகு, அவள் பாதி குடித்து வைத்திருந்த எலுமிச்சை சோடாவை மெதுவாக அதன் பக்கம் நகர்த்தினார்.